சிவப்புக் கண்ணை எடுக்கப் போய்

எனக்கு ஒரு வேலையை இரண்டு தடவை செய்யச் சொன்னால் பிடிக்காது. பாத்திரம் தேய்ப்பதானாலும் சரி, பரீட்சை எழுதுவதானாலும் சரி, ஒரே மூச்சில் முடித்துவிட்டு எழுந்து போய்விட வேண்டும். "இது எப்பப் பாத்தாலும் கால்ல வெந்நீரைக் கொட்டிக்கிட்டு நிக்கும்" என்று அம்மா என்னைப் பற்றி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லும். அப்படிப்பட்டவள் கையில், ஒரு பொத்தானை அழுத்தினால் போட்டோவைப் பளிச்சென்று ஆக்கித் தரும் மென்பொருள் ஒன்று வந்து சேர்ந்தது. குரங்கு கையில் பூமாலை என்று அக்கா இன்றைக்கும் கேலி செய்யும். செய்துவிட்டுப் போகட்டும். அந்தப் பூமாலையால் நான் பட்ட சந்தோஷம் எனக்குத்தான் தெரியும்.

சீர்காழி பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு பாய் கடை வைத்திருந்தார். முன்பக்கம் எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸும். பின்பக்கம் பலகையால் தடுத்த நாலு கம்ப்யூட்டர். அந்த நாளில் எங்கள் பக்கத்து ஆம்பளைகளில் பாதிப் பேர் துபாயிலும் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் இருந்தார்கள். அவர்களுடைய பெண்டாட்டி பிள்ளைகள் இங்கே. நடுவில் பாய் கடை. நான் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் தெருவில் என் அப்பா காலம் வரைக்கும் எல்லோரும் அடுத்தவர் வயலுக்கு நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அப்பாதான் கொஞ்சம் நிலம் வாங்கிச் சொந்தமாகச் சாகுபடி செய்ய ஆரம்பித்தது. "எம் பொண்ணு ஏ.சி. ரூம்ல உக்காந்து வேலை பாக்குது" என்று டீக்கடையில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்துபோகும். அந்த ஏ.சி. கம்ப்யூட்டருக்காகப் போட்டது, எனக்காக இல்லை என்பதை நான் எதற்குச் சொல்ல வேண்டும்?

பாயின் மருமகன் எங்கிருந்தோ இலவசமாக இறக்கிக் கொடுத்தது அந்த மென்பொருள். மந்திரக்கோல் படம் போட்ட பொத்தான் ஒன்று இருந்தது. இருட்டாக விழுந்த போட்டோவைத் திறந்து அதை அழுத்தினால் போதும், மூலையில் நிற்கிற ஆள்கூட வெளிச்சத்துக்கு வந்துவிடுவார். கோணலாக எடுத்ததை நேராக்கலாம். தேவையில்லாத விரலை வெட்டலாம். படித்து வாங்கிய பட்டத்தில் இல்லாத ஆனந்தம் அந்தப் பொத்தானில் இருந்தது.

பிள்ளை பிறந்த பிறகு ஊருக்கே வராத கணவனுக்கு அனுப்ப, கைக்குழந்தையோடு பெண்கள் வருவார்கள். "கொஞ்சம் செவப்பாக் காட்டும்மா, அவங்க இன்னும் பாக்கவே இல்ல" என்பார்கள். பாய் முன்பக்கத்திலிருந்தே குரல் கொடுப்பார். "ஏம்மா, அல்லா குடுத்த நெறத்துல கை வெக்காத. வெளிச்சம் மட்டும் போடு. நாளைக்கு ஏர்போர்ட்ல எறங்கி வர்றவன், எம் புள்ள எங்கன்னு கேப்பான்." குழந்தையின் அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிடும். இன்னொருவர், வாய்க்காலில் தண்ணீர் வராமல் வெளிறிக் கிடந்த வயலை எடுத்துக்கொண்டு வந்தார். சிங்கப்பூரில் இருக்கிற மகன் கவலைப்படக் கூடாதாம், பச்சையாக்கித் தரச் சொன்னார். ஆக்கினேன். வரப்பில் நின்ற எருமைக்கும் பச்சை ஏறிவிட்டது. "பரவால்ல, அதுவும் நம்ம எருமைதான்" என்று சொல்லிவிட்டு அனுப்பச் சொன்னார்.

அக்காவும் அதற்குப் பார்த்த மாப்பிள்ளையும் பேசிப் பழகியது அந்தக் கடையை வைத்துத்தான் என்று சொல்லலாம். தரங்கம்பாடிக்குப் பக்கத்து ஊர்க்காரர். துபாயில் ஏ.சி. மெக்கானிக். லீவில் வந்தபோது பெண் பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அக்கா பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற ரகம். ஞாயிற்றுக்கிழமையானால் என்னோடு கடைக்கு வரும். பாய், காத்தாடிக்குக் கீழே இருக்கிற மூலைத் தடுப்பை அக்காவுக்கென்று ஒதுக்கி வைத்திருப்பார். அங்கே உட்கார்ந்து துபாய்க்குத் தட்டச்சு செய்துகொண்டே இருக்கும். பலகைக்கு அந்தப் பக்கத்திலிருந்து திடீர் திடீரென்று சிரிப்புச் சத்தம் கேட்கும். இது நம்ம அக்காதானா என்று நான் எட்டிப் பார்ப்பேன். என்னதான் பேசுகிறார்கள் என்று ஒருநாள் திருட்டுத்தனமாகப் படித்தும் பார்த்தேன். காலையில் என்ன சாப்பிட்டாய், மதியம் என்ன சாப்பிட்டாய், அவ்வளவுதான். இதற்கா இந்தச் சிரிப்பு என்று எனக்கு ஏமாற்றமாகிவிட்டது.

மாப்பிள்ளைக்கு மறுபடி லீவு கிடைக்கவில்லை. அவர் இல்லாமலேயே பெரியவர்கள் தட்டு மாற்றி நிச்சயம் செய்துகொண்டார்கள். எங்கள் பக்கம் அது ஒன்றும் புதிதில்லை, எத்தனையோ வீட்டில் நடந்திருக்கிறது. போட்டோ எடுக்கிற பொறுப்பு என்னுடையது. பாயுடைய டிஜிட்டல் கேமராவை வாங்கிப் போயிருந்தேன். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் போனது, எல்லாப் படத்தையும் ஃபிளாஷ் போட்டு எடுத்தேன். மறுநாள் கடையில் திறந்து பார்த்தால் அத்தனை பேர் கண்ணும் ரத்தச் சிவப்பு. விசேஷத்துக்கு வந்த கூட்டம் மொத்தமும் கள்ளுக்கடையிலிருந்து எழுந்து வந்த மாதிரி இருந்தது.

அதற்கும் மென்பொருளில் வழி இருந்தது. கண்ணைச் சுற்றி மவுஸால் ஒரு சின்னக் கட்டம் போட்டால், கட்டத்துக்குள் இருக்கிற சிவப்பைத் தேடிப் பிடித்துக் கறுப்பாக்கிவிடும். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு கட்டம் போட வேண்டும். ஒரு படத்தில் பத்துப் பேர் நின்றால் எத்தனை கண் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பொறுக்குமா? முகத்துக்கே ஒரு பெரிய கட்டம் போட்டுப் பார்த்தேன். இரண்டு கண்ணும் ஒரே சமயத்தில் சரியாகிவிட்டது. மென்பொருளைச் செய்தவனுக்கே தெரியாத வழியைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மளமளவென்று முடித்தேன். சரிசெய்த படத்தையே பழையதன் மேல் சேமித்தேன். கேமராவை பாய் கேட்டார், அதில் இருந்ததையும் அழித்துக் கொடுத்தேன். மாப்பிள்ளைக்கு ஈமெயில் அனுப்பினேன். பிரிண்ட் போட்டு ஆல்பத்தில் செருகி, அவர்கள் ஊருக்குப் போகிற சொந்தக்காரர் கையில் அன்றைக்கே கொடுத்தனுப்பினேன். அம்மா மட்டும் ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்தது. கண்ணாடி போடாமல் தன்னுடைய பட்டுப்புடவைக் கரையை மட்டும் பார்த்துவிட்டு, நல்லா விழுந்திருக்கு என்றது.

அந்த வாரமே போன் வந்தது. பேசியவர் மாப்பிள்ளையுடைய தாய்மாமன். "இப்ப என்ன அவசரம். கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாமேன்னு வீட்ல நெனைக்கிறாங்க." தள்ளிப் போடலாம் என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அப்பா ரிசீவரை வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. அம்மா பிடுங்கி, என்ன குறை வைத்தோம் சொல்லுங்க என்று கேட்ட பிறகுதான் அவர் விஷயத்துக்கு வந்தார். "ஆல்பத்தை நல்லாப் பாத்தீங்களா? எந் தங்கச்சி நெத்தியப் பாத்தீங்களா?"

நான் கடைக்கு ஓடிப்போய்ப் படங்களைத் திறந்தேன். கண்ணை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அப்போதுதான் மற்றது தெரிந்தது. முகத்துக்கே கட்டம் போட்டால் கட்டத்துக்குள் சிவப்பாக வேறு என்ன இருக்கும்? கண்ணுக்கு மேலே, வட்டமாக, இன்னும் நல்ல சிவப்பாகக் குங்குமம் இருக்கும். மென்பொருளுக்குக் கண் எது, குங்குமம் எது என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்? எல்லாவற்றையும் எடுத்துவிட்டிருந்தது. கறுப்பாகக்கூட இல்லை, சாம்பல் நிறம். பட்டுப்புடவையும் பூவுமாகச் சுமங்கலிகள் வரிசையாக நிற்கிறார்கள், ஒருத்தி நெற்றியிலும் குங்குமம் இல்லை, விபூதி தீற்றின மாதிரி இருக்கிறது. நடுவில் மாப்பிள்ளையின் அம்மா. பக்கத்தில் அக்கா.

வேறு குடும்பமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்களோ என்னவோ. மாப்பிள்ளையுடைய அப்பாவுக்குச் சமீபத்தில்தான் தஞ்சாவூரில் இதய ஆபரேஷன் ஆகியிருந்தது. பிழைத்து வந்தவரைப் பார்க்கச் சொந்தபந்தம் கூடியிருந்த நேரத்தில், எல்லோரும் பார்க்க அந்த அம்மா ஆல்பத்தைப் பிரித்திருக்கிறது. யாரோ ஒருத்தி, இந்த சம்பந்தம் வேணுமா யோசிச்சுக்க என்று சொல்லியிருக்கிறாள்.

அக்காவிடம் சொன்னேன். திட்டும், அழும் என்று எதிர்பார்த்தேன். அது அரிசி களைந்துகொண்டிருந்தது, களைவதை நிறுத்தவில்லை. "எனக்கு அவரைப் புடிச்சிருக்குடி" என்றது. "இன்னொருத்தர் முன்னாடி காபித் தட்டைத் தூக்கிட்டு வந்து நிக்க என்னால முடியாது." பிறந்ததிலிருந்து எனக்கு இது வேண்டும் என்று அக்கா வாயால் கேட்டு நான் பார்த்ததில்லை. புதுப்புடவையானாலும் எனக்கு முதலில் கொடுத்துவிடும். கேட்காதவள் ஒன்று கேட்டாள், அதையும் நான் கெடுத்து வைத்திருந்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை எனக்கு.

பாயிடம் புலம்பினேன். அவர் ஜெராக்ஸ் மெஷினுக்குப் பேப்பர் வைத்துக்கொண்டே கேட்டார். "போன்ல வெளக்கம் சொன்னா யாரும்மா நம்புவா? அவங்களை இங்க கூட்டிட்டு வா. கண்ணால பாக்கட்டும்." அதுவும் சரியென்று பட்டது. பொறையார் பஸ்ஸைப் பிடித்துப் போனேன்.

மாப்பிள்ளையின் அம்மா வாசலில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தது. "வாம்மா, உக்காரு" என்று மரியாதைக்குக் குறைச்சலில்லாமல் கூப்பிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தது. காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. நான் பஸ்ஸில் வரும்போது பணிவாகப் பேச வேண்டும் என்று பத்துத் தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். வாயைத் திறந்ததும் எல்லாம் போய்விட்டது.

"மெஷின் செஞ்சதுக்கு எங்க அக்கா என்ன அத்தை பண்ணும்?"

"மெஷினுக்கு என் நெத்தி மேல என்னம்மா கோவம்?"

அது மிளகாயைத் துழாவிக்கொண்டே பேசியது. "அவரை ஆபரேஷனுக்கு உள்ள கொண்டுட்டுப் போனப்ப, மாரியம்மன் குங்குமப் பொட்டலத்தைக் கையில வெச்சிக்கிட்டு வெளிய நின்னேன். முழிச்சிட்டாருன்னு வந்து சொல்ற வரைக்கும் கையத் தொறக்கல. வேர்த்து வேர்த்து உள்ளங்கையெல்லாம் செவப்பு. அந்தக் குங்குமத்தைத்தான் தெனமும் இட்டுக்கிறேன். நிச்சயத்துக்கும் அதைத்தான் இட்டுக்கிட்டு வந்தேன். நீ அனுப்பின போட்டோவுல அதைக் காணோம்."

சண்டைக்கு வந்தவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன். மன்னிச்சுடுங்க அத்தை என்றேன். கடைக்கு ஒரு தடவை வாங்க, எப்படி ஆச்சுன்னு நானே காட்டறேன் என்றேன். கம்ப்யூட்டரைப் பாத்து எனக்கென்ன தெரியப்போவுது என்று அது மறுத்தது. உள்ளே சாய்வு நாற்காலியிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா குரல் கொடுத்தார். "போயிட்டுத்தான் வாயேன். அதுக்குள்ள நான் எங்கயும் போயிட மாட்டேன்."

"இந்த வாய்தான் இவருக்கு" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை குடையும் பையுமாகக் கடை வாசலில் வந்து நின்றது.

பாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லிவிட்டு, கேமராவை எடுத்து வந்தார். என்னை நிற்கவைத்து ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்தார். என் கண்ணும் பேய் மாதிரி சிவப்பாக விழுந்திருந்தது, நெற்றியில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. அத்தை பார்க்கப் பார்க்க முகத்தைச் சுற்றிக் கட்டம் போட்டேன். கண் கறுத்தது. பொட்டு சாம்பலானது.

அத்தை திரையைப் பார்த்தது. என் நெற்றியைப் பார்த்தது. விரலை நீட்டி என் பொட்டைத் தொட்டு, ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்தது. மறுபடி திரையைப் பார்த்தது.

"இங்க இருக்கு. அங்க இல்ல."

"அவ்வளவுதான் அத்தை. அதுக்குச் செவப்பைக் கண்டா ஆகாது. எது எங்க இருக்குன்னெல்லாம் தெரியாது."

"கூறுகெட்ட மெஷினா இருக்கே" என்றது அத்தை. பாய்க்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மெஷினைச் சொல்லாதீங்க தங்கச்சி. கண்ணுக்குப் போட வேண்டிய கட்டத்தை மூஞ்சிக்குப் போட்டது யாரு?" என்று என்னைக் கைகாட்டினார். கட்டத்தைச் சின்னதாகப் போடக்கூட இவளுக்குப் பொறுமை இல்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். அத்தை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "துபாய்ல இருக்கறவன் பாத்துட்டு ஒண்ணும் சொல்லலயா?" என்று கேட்டது. இதுதான் இப்போதைய ஃபேஷன் போலிருக்கிறது என்று நினைத்தாராம், அக்காவுக்கு அப்படித்தான் எழுதியிருந்தார். சொன்னேன். "அவங்கப்பன் புத்தி அப்படியே" என்றது அத்தை. உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது, டீ குடிக்கிற சாக்கில் மறைத்துக்கொண்டது.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது. "சரி. போனது போனதுதானா? திரும்ப வெக்க முடியாதா?"

பழைய படம் என்னிடம் இல்லை. ஆனால் படம் வரைகிற இன்னொரு சின்ன மென்பொருள் எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்குமே. தூரிகையை எடுத்து வண்ணத்தைத் தேட ஆரம்பித்தேன். அத்தை நாற்காலியை இழுத்து என் தோளோடு தோளாக உட்கார்ந்துகொண்டது. முதலில் காட்டிய சிவப்பைப் பார்த்து, "இது தக்காளி" என்றது. அடுத்தது செங்கல்லாம். அதற்கடுத்தது, "ஐயய்யே, லிப்ஸ்டிக்கு." பிறகு ஒன்றைக் காட்டியதும், "ம், இதுதான்" என்றது.

அத்தையின் நெற்றியில் முதலில் வைத்தேன். "இன்னும் கொஞ்சம் பெருசா. நான் என்ன ஸ்கூல் புள்ளயா?" பெரிதாக்கினேன். திரைக்கு மிக அருகில் போய்த் தன் முகத்தையே பார்த்தது. புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அப்புறம் அம்மாவுக்கு வைத்தேன், பெரியம்மாவுக்கு வைத்தேன். நாள் முழுக்க நடவு நட்ட மாதிரி எனக்குக் கை வலித்தது. ஆனால் ஒவ்வொரு நெற்றியாகச் செய்தேன், ஒன்றைக்கூட அவசரப்படுத்தவில்லை. கல்யாணப் பேச்சை அத்தை எடுக்கவே இல்லை. நானும் கேட்கப் பயந்துகொண்டு வேலையைப் பார்த்தேன்.

கடைசியாக அக்காவுடைய படம். பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ, குனிந்த முகம், நெற்றியில் சாம்பல். தூரிகையைக் கொண்டுபோய் வைக்கப் போகும்போது அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"நீ வெக்காத."

இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்ததா, அக்காவிடம் நான் என்ன போய்ச் சொல்வேன் என்று எனக்கு மனசுக்குள் ஓடியது. பாயும் முன்பக்கத்திலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"அன்னிக்கு அந்தப் புள்ளைக்குக் குங்குமம் வெச்சது நான். அதை நாந்தான் வெக்கணும். இதை எப்படிப் புடிக்கிறது, சொல்லு."

மவுஸை அத்தையிடம் கொடுத்தேன். அது நடத்திய கூத்தை என்னவென்று சொல்ல. மவுஸை மேசையிலிருந்து தூக்கி, திரைக்கே கொண்டுபோய் அக்கா நெற்றிக்கு நேராகப் பிடித்தது. அங்க இல்ல அத்தை, கீழ வெச்சுத் தள்ளணும் என்றேன். தள்ளியது, திரையிலிருந்த அம்பு படத்தின் கூரைக்குப் போய்விட்டது. இழுத்தது, அக்காவுடைய மூக்குத்திக்கு வந்தது. பாய் சிரிப்பை அடக்க முடியாமல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டது. உதடு எதையோ முணுமுணுத்தது. மாரியம்மன் பேராக இருக்கும். அம்பு நடுங்கி நடுங்கி மேலே ஏறி நெற்றிக்கு வந்ததும், "அழுத்துங்க" என்றேன். அழுத்தியது.

நல்ல சிவப்பாகக் குங்குமம் விழுந்தது. நடு நெற்றியில் இல்லை, இடது புருவத்துக்கு மேலே ஒருச்சாய்ந்து விழுந்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் கடையிலேயே ஒரு ஆட்டம் போட்டிருப்பேன். அடக்கிக்கொண்டு, "அழிச்சிட்டு நடுவுல வெச்சுக்கலாம் அத்தை, ஒரு பொத்தான்தான்" என்றேன்.

"வெச்ச குங்குமத்தை யாராவது அழிப்பாங்களா? அப்படியே இருக்கட்டும். அவனுக்கும் இதையே அனுப்பு." எழுந்து பூத்துப் பக்கம் போனது. "உங்க வீட்டு நம்பரைப் போட்டுக் குடு."

போட்டுக் கொடுத்தேன். அத்தை வருகிறதென்று அன்றைக்கு அக்கா கடைக்கு வராமல் வீட்டிலேயே இருந்தது, அதுதான் எடுத்தது. அத்தை ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக் கதவையும் சாத்தாமல், கடைக்கே கேட்கிற மாதிரி பேசியது.

"நாந்தாம்மா பேசறேன். போட்டோவுல உனக்குப் பொட்டு கொஞ்சம் கோணலா வெச்சிட்டேன். கல்யாணத்தன்னிக்கு நேரா வெச்சு விட்டுடறேன்."